என் நாவலுக்கு அம்மா சொன்ன முடிவு

நாவல் எழுதினால் வாசகர்கள் கடிதம் போடுவார்கள், பத்திரிகைக்காரர்கள் திட்டுவார்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு வாய்த்தவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, என் நாவலின் கதையை என்னை வைத்துக்கொண்டே கர்த்தருக்குச் சொன்னார்கள். "ஆண்டவரே, இந்த மகள் அந்த ஊரப்பாக்கத்து வீட்டில் இருந்த நாட்களை நீர் அறிவீர்." அவர் அறிந்தாரோ இல்லையோ, ஜெபிக்கிற அம்மாள் அத்தியாயம் அத்தியாயமாக அறிந்திருந்தார். அந்தக் கண்றாவியைக் கையால்கூடத் தொடவில்லை என்று சொன்னவர்களும் கதையில் ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கிழக்குத் தாம்பரத்தில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அப்பா நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே போய்விட்டார். எனக்குத் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதிய ஷிப்ட். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாததால் சொந்தக்காரர்கள் என்னைச் சின்னப்பிள்ளைபோலவே நடத்தினார்கள். கல்யாண வீட்டில் குழந்தைகள் பந்தியில் உட்காரவைப்பார்கள். புத்தகம் வந்ததும் அந்த மரியாதையும் போய்விட்டது.

புத்தகத்தில் அப்படி என்ன இருந்தது என்று கேட்டால் ஒளிக்க ஒன்றும் இல்லை. எண்பதுகளின் நடுவில் ஒருவரோடு நான் வாழ்ந்த இரண்டு மழைக்காலங்கள். அவர் கிண்டியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஊரப்பாக்கம் அப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடு, மற்றதெல்லாம் மனைக்கல்லும் சீமைக்கருவேலமும்தான். பூச்சு வேலை முடியாத ஒரு வீட்டின் பின்னறையை அவர் வாடகைக்கு எடுத்திருந்தார். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கொத்தனார் விட்டுப்போன செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்து வைப்போம். காற்றடித்தால் கதவு செங்கல்லையும் தள்ளிக்கொண்டு திறந்துவிடும். இருக்கிற கோலத்தில் யாராவது ஒருவர் எழுந்து ஓடிப்போய்ச் சாத்த வேண்டும். யார் போவது என்று சண்டை வரும், சண்டை போட முடியாமல் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை எழுதினேன். அந்தக் கோலத்தையும் எழுதினேன். அவர் உடம்பை எழுதினேன். என் உடம்பு என்ன கேட்டது என்று எழுதினேன், கேட்டது கிடைத்தது என்றும் எழுதினேன்.

பிறகு அவருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. போனார். ஊரில் பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள். நாவலின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் அறையைக் காலி செய்துவிட்டு, பஸ் ஜன்னல் வழியாகப் பீர்க்கன்கரணை ஏரியைப் பார்த்தபடி தாம்பரம் திரும்புகிறாள். அவளுக்கு வருத்தம் இருக்கிறது, வெட்கம் இல்லை. அவள் பெயர்தான் வேறு, அவள் நான் என்று முன்னுரையிலேயே எழுதியிருந்தேன். நான் சந்தோஷமாக இருந்தேன் என்ற ஒன்றைச் சொல்லத்தான் அத்தனை பக்கமும் எழுதினேன்.

அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படித்தார்கள். ஆபீசில் கேபிள் வேலை பார்க்கிற ஒருவர், நாலு பேர் இருக்கும்போது, "இன்னா மேடம், அந்த ஊரப்பாக்கம் வூடு இன்னும் காலியாத்தான் கீதா?" என்று கேட்டார். "உங்க சம்சாரத்தைக் கூட்டிக்கினு போறதா இருந்தா சொல்லுங்க, விசாரிச்சு வைக்கிறேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டார்கள்.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட் பக்கம் ஒரு வாடகை நூல்நிலையம் இருந்தது. அதன் உரிமையாளர் என் புத்தகத்தை அலமாரியில் வைக்காமல் மேஜை இழுப்பறைக்குள் வைத்து, தெரிந்த ஆட்களுக்கு மட்டும் பேப்பர் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேஜைமேல் வைத்ததும் புத்தகம் தானாகவே ஓர் இடத்தில் விரிந்துகொண்டது. அந்தப் பக்கங்கள் மட்டும் எண்ணெய் பிடித்து, ஓரம் கிழிந்து, பெருவிரல் கறையோடு இருந்தன. "பாருங்க மேடம், மிச்சமெல்லாம் புத்தம் புதுசா கீது. யாரும் தொடலை" என்றார். கடைக்காரருக்கு அது பெருமை. அவர்கள் தொடாத பக்கத்தில்தான் செங்கல் இருந்தது.

இலக்கியக் கூட்டம் ஒன்றும் நடத்தினார்கள், குரோம்பேட்டையில், ஒரு டியூஷன் சென்டர் மாடியில். பேசிய எல்லோரும் துணிச்சல் துணிச்சல் என்றார்கள். ஒரு பேராசிரியர் என் உடம்பைச் சமூகத்தின் குறியீடு என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன், குறியீடாக. கடைசியில் முன்வரிசையில் இருந்த ஒருவர், "இதுல எவ்வளவு தூரம் நிஜம்?" என்று கேட்டார். முழுக்க என்றேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்கு வந்துவிட்டேன்.

இதெல்லாம் வெளி ஆட்கள். வெளி ஆட்கள் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று இருந்துவிடுவேன். சபையில் அப்படி இருக்க முடியாது. நான் அங்கே ஞானஸ்நானம் பெற்றவள். என்னைக் கையில் வாங்கிக் கொஞ்சியவர்கள் இன்னும் அதே பெஞ்சில் உட்கார்கிறார்கள்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, பீடத்தின் முன்னால் அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. யாராவது ஒருவர் எழுந்து, நான் எப்படிக் கெட்டுப்போயிருந்தேன், கர்த்தர் எப்படித் தூக்கி எடுத்தார் என்று சொல்ல வேண்டும். குடித்தவர், சீட்டாடியவர், மனைவியை அடித்தவர் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். கெட்டது எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குச் சாட்சி நன்றாக இருக்கும். பாவம் வருகிறபோது சபை முன்னால் குனிந்து கேட்கும். பிறகு ஓர் இடத்தில் அவர் அழுவார், முழங்காலில் நிற்பார், சபையும் அழும், ஸ்தோத்திரம் சொல்லும். சிறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டு எந்த இடத்தில் அழுகை வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

என் நாவலை அவர்கள் அப்படித்தான் படித்தார்கள். இது எனக்கு உடனே புரியவில்லை. மாடம்பாக்கத்திலிருந்து வருகிற ஒரு சகோதரி, நர்சரி பள்ளியில் டீச்சர், என்னைவிட நாலைந்து வயது சின்னவள், ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். பழுப்பு அட்டை போட்ட என் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தாள். தயங்கித் தயங்கி, "அக்கா, தப்பா நினைக்காதீங்க. என் காப்பியில கடைசி பக்கங்க விட்டுப்போயிருக்கு. பைண்டிங்ல மிஸ் ஆயிடுச்சுபோல. வேற காப்பி இருந்தா மாத்திக் குடுக்கிறீங்களா?" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் இருந்தது. "சரியாத்தானே இருக்கு? முடிஞ்சிருக்கே" என்றேன்.

"இல்லக்கா. அவங்க பஸ்ல போறாங்க, ஏரியைப் பார்க்கறாங்க, அதோட நின்னுடுது. அவங்க எப்போ அழறாங்க? எப்போ ரட்சிக்கப்படறாங்க?"

கேலி இல்லை. சத்தியமாகக் கேட்டாள். என் புத்தகத்தை ஒரு பக்கம் விடாமல் படித்த முதல் வாசகி அவள்தான். நான், கதை அங்கேதான் முடிகிறது, அவள் அழவில்லை என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை இரக்கம் இருந்தது. "இன்னும் எழுதலையா அக்கா? பரவாயில்ல, மெதுவா எழுதுங்க. நான் ஜெபிச்சுக்கறேன்" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். மாதக்கணக்கில் வந்து ஜெபித்த எல்லோரும் அந்தக் காணாமல்போன பக்கங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

போதகர் அதையே பக்குவமாகச் சொன்னார். நல்ல மனுஷர். மனைவியோடு வந்து, காபி குடித்து, அம்மா சுட்ட முறுக்கை எடுத்துக்கொண்டு, "எழுதினதைத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேம்மா. பாதியில நிறுத்தினதுதான் தப்பு. ஒரு ஞாயித்துக்கிழமை எழுந்து மிச்சத்தையும் சொல்லிடுங்க. அதுவரைக்கும் திருவிருந்துக்கு வராம இருங்க. தண்டனைன்னு எடுத்துக்காதீங்க, ஒரு ஒழுங்குக்காக" என்றார். அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த முதல் ஞாயிறு, எங்கள் வரிசை எழுந்து பீடத்துக்குப் போனபோது நான் உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் எழுந்திருக்கவில்லை. "போம்மா" என்றேன். "முட்டி வலிக்குது" என்றாள். எங்கள் முழங்காலைத் தாண்டித் தாண்டி எல்லோரும் போனார்கள். அதற்கடுத்த மாதமும் முட்டி வலித்தது. அதற்கடுத்த மாதமும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அம்மா சிறுவயதில் திடப்படுத்தல் எடுத்து முதல்முதலாக வாங்கிய நாளிலிருந்து திருவிருந்தைத் தவறவிட்டதில்லை. என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு, காய்ச்சலோடு, அப்பாவை அடக்கம் செய்த மறுவாரம், எல்லாம் போயிருக்கிறாள். அவளுக்கு நெஞ்சு வலி இருந்தது, மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. திருவிருந்து வாங்காமல் செத்துப்போய்விடுவோமோ என்ற பயம் அவளுக்கு. என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம், "படுக்கையில விழுந்துட்டா போதகர் ஐயா வீட்டுக்கே வந்து குடுப்பாராமே, உண்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. எனக்காக நோய் வரட்டும் என்று காத்திருக்கிறாள் என்று தெரிந்த அன்று நான் ஆபீசுக்குப் போகிற வழியில், ரயில்வே கேட் மூடியிருந்தபோது, அத்தனை சைக்கிளுக்கும் நடுவில் நின்று அழுதேன்.

நான் எழுந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எழுதியதெல்லாம் பொய் என்று சொல்லச் சொன்னால் சொல்லியிருப்பேன். தப்பு என்று சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பேன், அம்மாவுக்காக எத்தனையோ செய்கிறோம். ஆனால் சாட்சி என்றால் அழுதேன் என்று சொல்ல வேண்டும். அந்த அறையில் நான் நரகத்தில் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டால் என் வாழ்க்கையில் வேறு என்ன மிச்சம்? மற்ற வருஷமெல்லாம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் பேசுவதற்கு லைன் போட்டுக் கொடுத்தேன். பேசினது, சிரித்தது, வாழ்ந்தது எல்லாம் அந்தப் பின்னறையில்தான்.

கடைசியில் அம்மாதான் ஜெயித்தாள், ஒரு வார்த்தை கேட்காமலேயே. ஒரு சனிக்கிழமை மாலை, "நாளைக்கு நான் சாட்சி சொல்றேன்" என்றேன். அம்மா தன் வெள்ளைப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்து மடிப்பை நீவினாள்.

மறுநாள் போதகர், "சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்திருக்கலாம்" என்றதும், முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழப்போனேன். அம்மாவின் கை என் தொடையை அழுத்தி உட்காரவைத்தது. அவள் எழுந்தாள்.

அம்மா சபையில் வாயைத் திறந்து பேசி யாரும் பார்த்ததில்லை. பெண்கள் கூட்டத்தில்கூடப் பாட்டு எண் சொல்வதோடு சரி. மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என் பொண்ணு எழுதின புஸ்தகம் பாதிதான் வந்திருக்கு. மீதியை அவளால சொல்ல முடியாது. பெத்தவ நான் சொல்றேன்" என்றாள். சபை முன்னால் குனிந்தது. "தாழ்ப்பாள்கூட இல்லாத வீடு அது. கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் குடுத்துக்கிட்டு உள்ள இருப்பா. எப்போ யார் தள்ளிக்கிட்டு வருவாங்களோன்னு பயந்து நடுங்கிக்கிட்டு இருப்பா."

அம்மா படித்திருக்கிறாள். புத்தகம் வந்த அன்று ஒரு பிரதியைக் கண்ணாடி ஷோகேஸில், அவளுடைய பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அது வைத்த இடத்திலேயே இருந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்போது விமானப்படை விமானம் ஒன்று கூரைக்கு மேலே போனது. எங்கள் பக்கத்தில் எப்போதும் போகும், பிரசங்கம் செய்கிறவர்கள் நிறுத்திக் காத்திருப்பார்கள். அம்மாவும் நிறுத்தினாள். அந்த இடைவெளியில் நான் எழுந்து, அப்படி இல்லை, நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லியிருக்க முடியும். சொன்னால் அம்மா கோயிலில் பொய் சொன்னவள் ஆவாள். விமானம் போய்விட்டது.

"ஒருநாள்கூட அவ அங்க சந்தோஷமா இருந்ததில்ல" என்றாள் அம்மா. "அழாத நாளே இல்ல. கடைசியில ஒரு மழைநாள்ல அந்தச் செங்கல்லுக்குப் பக்கத்துலயே முழங்கால் போட்டு நின்னா. அம்மா ஜெபத்தைக் கர்த்தர் கேட்டாரு. எந்திரிச்சு வீட்டுக்கு வந்துட்டா."

முன்வரிசையில் யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள். பிறகு எல்லோரும். மாடம்பாக்கத்துச் சகோதரி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவளுக்குக் கடைசிப் பக்கங்கள் கிடைத்துவிட்டன. போதகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். சபை முழுக்க ஆமென் என்றது. நானும் ஆமென் என்றேன்.

பீடத்தின் முன்னால் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். முட்டி நிஜமாகவே வலித்திருக்கும், முனகினாள். வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். சந்தோஷப்பட்டேன், அதே நேரம் செத்தும் போனேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா புடவையை மாற்றிக்கொண்டு அடுப்பில் குழம்பைச் சூடு பண்ணினாள். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

"எப்போ படிச்சே?"

"உனக்கு மதிய ஷிப்ட் வர்ற வாரமெல்லாம்."

"முழுசாவா?"

"ரெண்டு தரம்."

"நான் அழுதேன்னு அதுல எங்க எழுதியிருக்கு?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. "எங்கயும் இல்ல. நீ சந்தோஷமாத்தான் இருந்திருக்கே. அந்தக் கதவைச் சாத்தப் போறதுக்கு நீங்க ரெண்டு பேரும் போட்டுக்கிற சண்டையைப் படிச்சிட்டு நானே தனியா சிரிச்சேன். அதைப் போய்க் கோயில்ல சொல்ல முடியுமாடி?" கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "நீ எந்திரிச்சு உன் வாயால அதை அசிங்கமா சொல்லியிருப்பே. அது எனக்குப் பொறுக்காது. அதான் நானே சொல்லிட்டேன்" என்றாள். குழம்பு கொதித்து வழிந்தது. இறக்கிவைத்துவிட்டு, "இனி அதைப் பத்திப் பேச வேண்டாம், தட்டை எடு" என்றாள்.

என் புத்தகத்தைச் சரியாகப் படித்த ஒரே ஆள் அவள். அவளே அதைப் புதைத்தாள், என்மேல் இருந்த பிரியத்தால். யார்மேல் நான் கோபப்படுவது? தட்டை எடுத்துவைத்துச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு ஊரில் எங்கும் அம்மாவின் முடிவுதான். படிக்காதவர்களும் படித்தவர்களுக்கு அதைச் சொன்னார்கள். உபவாசக் கூட்டங்களில் செங்கல்லைப் பற்றிப் பேசினார்கள். வேறு சபைகளிலிருந்து ஆட்கள் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நூல்நிலையக்காரர் இழுப்பறையிலிருந்து என் புத்தகத்தை எடுத்து வெளி அலமாரியில் வைத்தார். "கடைசியில திருந்திடறாங்களாமே, அந்தக் கதைதானே?" என்று கேட்டு எடுத்துப்போனார்களாம். நான் இன்னொரு நாவல் தொடங்கிப் பார்த்தேன். எந்தப் பக்கம் எழுதினாலும் அது எங்கே போய் முடியும் என்று சபைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் அம்மா இறந்தாள். நினைத்தபடியே திருவிருந்து வாங்கிய வாரத்தில். அடக்கத்துக்கு மறுவாரம் மாடம்பாக்கத்துச் சகோதரி துக்கம் விசாரிக்க வந்தாள். இப்போது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். அம்மா சொன்ன சாட்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அன்று எனக்கு என்ன தோன்றியதோ, அம்மா போய்விட்டாள், இனி யாருக்கு என்ன கெடுதல் என்று நினைத்தேனோ, என் புத்தகத்தை ஷோகேஸிலிருந்து எடுத்து, செங்கல் வருகிற பக்கத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன்.

"இதைப் படி. அம்மா சொன்னது நடக்கவே இல்ல. நான் அங்க அழவே இல்ல. சந்தோஷமா இருந்தேன். அம்மாவுக்கும் அது தெரியும்" என்றேன்.

அவள் பக்கத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். அவள் கண்கள் நிரம்பிவிட்டன. "அக்கா, அம்மா பொய் சொல்வாங்களா?" என்றாள். "அவங்க போனதும் உங்களுக்கு மனசு தடுமாறுது. அவ்வளவுதான்." புத்தகத்தை மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துத் தலையை மூடினாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, இந்த மகள் அந்த ஊரப்பாக்கத்து வீட்டில் பட்ட பாடுகளை நீர் அறிவீர்" என்று ஆரம்பித்தாள்.

பழக்கம், வேறென்ன சொல்ல. நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.